ஜியூஜாய்கோ: வேடமும் ஊரும்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் குடும்பத்துடன் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள ஜியூஜாய்கோ பள்ளத்தாக்குக்குச் சென்றுவந்தோம். ஏரிகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘திபெத்தியப் பண்பாடு’ என்று பயண நிறுவனம் காட்டியதெல்லாம் வாடகை உடையில் புகைப்படம், யாக் இறைச்சிக் கடை, இரவில் ஒரு நடன நிகழ்ச்சி, அவ்வளவுதான். 2017 நிலநடுக்கத்தில் உடைந்த ஓர் ஏரியை மனிதர்களே செப்பனிட்டு நிரப்பினார்கள் என்று கேள்விப்பட்டதும் ஏமாந்துவிட்டோமோ என்றிருந்தது. நாங்கள் பார்த்தது இயற்கையா, நாடக மேடையா? இந்த அக்டோபரில் போகவிருக்கும் நண்பர்களுக்கு என்ன சொல்வது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அது போய் விழுந்திருக்கும் இடம் சரியில்லை. மனிதக் கை படாத பள்ளத்தாக்கு ஒன்றைத் தேடிப் போயிருக்கிறீர்கள். ஜியூஜாய்கோ அப்படிப்பட்ட இடமாக ஒருபோதும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. அதன் பெயரே அங்கிருந்த ஒன்பது திபெத்தியக் கிராமங்களால் வந்தது. பல நூறு ஆண்டுகளாக அவர்கள் சரிவுகளில் பார்லி விதைத்தார்கள், மேட்டுப் புல்வெளிகளில் யாக் மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள். நாம் ‘கன்னி நிலம்’ என்று மெய்சிலிர்க்கும் காட்சியில் பாதி அவர்கள் புழங்கிய நிலம்.

காட்டை உண்மையில் மொட்டையடித்தவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள். 1960களிலும் 70களிலும் அரசின் மரம்வெட்டும் குழுக்கள் உள்ளே நுழைந்தன. 1978இல் காப்பகமாக அறிவித்த பிறகே கோடரி நின்றது. 1984இல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். 1992இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் 1990களின் இறுதியில், மலைச்சரிவு வயல்களில் மரம் நட வேண்டும் என்ற தேசியத் திட்டம் வந்தது. உழவு நின்றது, மேய்ச்சல் நின்றது. கிராமத்தார் தங்கள் வீட்டில் பயணிகளைத் தங்கவைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவுக்குள் இரவு தங்கக் கூடாது என்று அதையும் நிறுத்தினார்கள். ஈடாக நுழைவுச் சீட்டு வருமானத்தில் ஒரு பங்கும் பூங்காவில் சில வேலைகளும் கிடைத்தன.

இப்போது அந்த உடை வாடகைக் கடையை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஏரும் யாக்கும் விறகும் கைவிட்டுப் போன ஒரு ஊர் வேறு எதை விற்கும்? வேடம் கட்டுகிறார்கள் என்கிறீர்கள். வேடம் கட்டச் சொன்னவர்கள் நம்மைப் போல டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மேய்ச்சல் நின்றதும் அந்த மேட்டுப் புல்வெளிகளில் புதரும் மரமும் ஏறத் தொடங்கிவிட்டன. மனிதனை விலக்கியதால் இயற்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை, வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது.

நிஜமான திபெத்தியம் அங்கே இல்லாமலும் இல்லை. நடன அரங்கில் அதைத் தேடியதுதான் பிசகு. ஷுஜெங் கிராமத்துக்குக் கீழே ஓடைமேல் மரத்தால் கட்டிய சின்னச் சின்னக் குடில்கள் நிற்கும். ஒன்றில் நீரின் விசையில் மாவரைக்கும் கல், பக்கத்திலேயே அதே நீரில் சுழலும், மந்திரம் பொறித்த பிரார்த்தனை உருளை. ஒரே ஓடை மாவும் அரைக்கிறது, மந்திரமும் ஓதுகிறது. உங்கள் வழிகாட்டி அங்கே எவ்வளவு நேரம் நிறுத்தினார்? பூங்காவின் ஜாரு கிளைப் பள்ளத்தாக்கிலுள்ள ஜாரு மடம், பௌத்தத்துக்கு முந்தைய ‘பொன்’ மதத்தின் மடம். நாம் கோயிலை வலம் வருவோம். திபெத்தியப் பௌத்தர்களும் அப்படியே. பொன் மதத்தார் அப்பிரதட்சிணமாகச் சுற்றுவார்கள். தெரியாமல் நம் வழக்கப்படி சுற்றினால் எதிரே வரும் பாட்டி முகம் சுளிக்காமல் ஒதுங்கிக்கொள்வார். தவறியது நாம்தான் என்பது அப்போதும் நமக்குத் தெரியாது.

இனி, உடைந்த ஏரி. அது சுடர் ஏரி. 2017 ஆகஸ்ட் 8 இரவு, சீனக் கணக்கில் 7.0 அளவு நிலநடுக்கம். 25 பேர் இறந்தனர். ஏரியின் கரை உடைந்து நீர் வடிந்துபோனது. நுவோரிலாங் அருவியின் முகப்பிலும் ஒரு பகுதி சரிந்தது. சுடர் ஏரியின் கரை என்ன வகை என்று தெரிந்தால் உங்கள் கேள்வியே மாறிவிடும். அங்குள்ள மலைகள் சுண்ணாம்புப் பாறை. நீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சரிவில் துள்ளி விழும்போது கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு பாசியின்மேலும் விழுந்த மரத்தின்மேலும் படிகிறது. படிந்து படிந்து அதுவே அணையாக எழுகிறது. ஐந்து மலர் ஏரியில் குனிந்து பார்த்திருப்பீர்கள்: அடியில் குறுக்கும் நெடுக்குமாக மரத்தண்டுகள், வெள்ளைச் சுண்ணாம்பு போர்த்தி, மட்காமல் கிடக்கும். அந்த நீலத்துக்கும் சுண்ணாம்பே பெரிய காரணம். மிதக்கும் நுண்தூசியை அது தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுவதால் நீர் தெளிகிறது. தெளிந்த நீர் சிவப்பை விழுங்கி நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது.

இப்படி வளரும் அணை, நீர் வற்றினால் காய்ந்து பொடிந்துவிடும். ஆகவே செப்பனிட்டதற்கு நியாயம் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறைச் சரிவுகள் ஓடையை மறித்துத்தான் அங்கே பல ஏரிகள் பிறந்தன. சுடர் ஏரியைக் குலைத்த அதே அதிர்ச்சி கீழே இரட்டை நாக ஏரியில் ஒரு புதிய அருவியைத் தந்தது. அதை மட்டும் இயற்கை என்று ஒப்புக்கொண்டு, பழைய ஏரியை மட்டும் படத்தில் இருப்பதுபோலவே வைத்திருக்க நினைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் அந்த ஏரியை நம்பி வாழும் குடும்பங்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நண்பர்களுக்கு: அக்டோபர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம், அது சீனாவின் தேசிய விடுமுறை. 2013இல் அந்த வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் பஸ் கிடைக்காமல் உள்ளேயே சிக்கினார்கள். மாதப் பிற்பாதியில் போனால் இலைகளும் நிறம் மாறியிருக்கும். விமான நிலையம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் தலை கிறுகிறுக்கலாம். 2024இல் செங்டுவிலிருந்து ரயில் வந்துவிட்டது, ஆனால் நிலையத்திலிருந்து பூங்காவுக்கு இன்னும் மலைப்பாதைப் பயணம் பாக்கி இருக்கும். பள்ளத்தாக்கு ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோலக் கிளை பிரிகிறது. பஸ்ஸில் நேரே மேலே போய்விட்டு, ரிஸே கிளையில் மரப்பாதை வழியே இறங்கி நடப்பது நல்லது. கூட்டம் பஸ் நிறுத்தங்களில்தான் மொய்க்கும். அடுத்த நிறுத்தம் வரை நடக்க எல்லாரும் சோம்பல்படுவார்கள்.

யாக் இறைச்சியை வேண்டுமானால் தவிர்க்கட்டும். பல் உறுதியாக இருந்தால் மட்டுமே அது சரிப்படும்.