'மெய்ட்' தொடரில் ஷான் தன் காதலி அலெக்ஸை அடிப்பதே இல்லையே, அதை எப்படிக் குடும்ப வன்முறை என்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அலெக்ஸே முதல் எபிசோடில் கேட்டுக்கொள்கிறாள். உதவி கேட்டுப் போன அலுவலகத்தில், போலீஸில் புகார் கொடுத்தாயா என்று கேட்கிறார்கள். 'அவன் என்னை அடிக்கவில்லை என்றா புகார் கொடுப்பது?' என்பதுதான் அவள் குழப்பம். ஆனால் முந்தைய ராத்திரி ஷான் சுவரில் குத்தியிருக்கிறான். குழந்தை மேடியின் தலைமுடியில் கண்ணாடித் துண்டுகள் கிடக்கின்றன. அடி மேலே படவில்லை, பக்கத்தில் விழுந்தது, அவ்வளவுதான்.

2021இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பத்து எபிசோட் தொடர் இது. ஸ்டெஃபனி லேண்ட் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தைத் தழுவியது.

எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது பணம்தான். குழந்தையோடு வீட்டை விட்டு வரும்போது அவள் கையில் இருப்பது 18 டாலர். பெட்ரோல் போட்டால், வீடு துடைக்கும் வேலைக்குச் சாமான் வாங்கினால், திரையின் ஓரத்தில் அந்தத் தொகை குறைந்துகொண்டே வரும். அவனோடு இருந்தவரை சம்பளம் இல்லை, வீடு அவனுடையது. இப்படி இருக்கும்போது 'பிடிக்கலன்னா கிளம்ப வேண்டியதுதானே' என்று சொல்வது சுலபம். எங்கே போவாள்?

அப்புறம், அவள் ஒருமுறை அவனிடமே திரும்பிப் போகிறாள். பலருக்கு அங்கேதான் எரிச்சல் வந்தது. எனக்கு அந்த எபிசோட்தான் தொடரிலேயே உண்மையானது. சோபாவில் உட்கார்ந்தவளை சோபாவே மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கைகூட அவள்மேல் படவில்லை.

இங்கிலாந்தில் துணையை இப்படிக் கட்டுப்படுத்தி மிரட்டி வைப்பதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாகவே சொல்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை.