மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மறைவிடம் செய்வது எப்படி?

பிளாஸ்டிக் குகைக்குப் பதிலாக இயற்கைப் பொருளில் மறைவிடம் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். என் முதல் தேர்வு கொட்டாங்கச்சிதான்.

உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பைத் துளிகூட விடாமல் சுரண்டுங்கள். மிஞ்சினால் அழுகித் தண்ணீர் கெடும். விளிம்பில் மீன் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டி உப்புத்தாளால் தேயுங்கள். வாசலைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள்: விரலைக் கீறினால் செதிலையும் கீறும். அப்புறம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் டிகாஷன் போல் கறுக்கும், பயப்பட வேண்டாம். நிறம் வெளிறும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவிட்டு, மூழ்கும்வரை ஊறப்போடுங்கள். மேலே ஜாவா பாசியை நூலால் கட்டினால் சில வாரங்களில் பற்றிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அது கூடுதல் மறைப்பு.

கல் என்றால் முதலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். தேய்த்துக் கழுவினால் போதும். அடுக்கும்போது அடிக்கல்லை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் தரையிலேயே அழுத்தி வையுங்கள். சிக்லிட் வகை மீன்கள் மணலைத் தோண்டியே மொத்தத்தையும் சரித்துவிடும்.

வர்ணம் பூசாத மண்சட்டியைக் கவிழ்த்துப்போட்டாலும் சரி, மீன் குறை சொல்லாது.