கறியும் சீஸும் வைத்த பேஸ்ட்ரி ரோல் வீட்டில் செய்தால், சீஸ் வழிந்து அடிப்பாகம் நமத்துப் போவது ஏன்?

பெரும்பாலும் குற்றம் மாவில் இல்லை, உள்ளே வைக்கும் கறியில்தான். கொத்துக்கறியை வெங்காயம், மிளகோடு வதக்கும்போது வாணலியில் ஈரமே தெரியாத அளவுக்குச் சுண்டவிடுங்கள். அப்புறம் முழுக்க ஆறவிடுங்கள், இதில் அவசரம் கூடாது. ரோலுக்கான பஃப் பேஸ்ட்ரி மாவு உப்புவது, அடுக்குகளுக்கு இடையே இருக்கும் வெண்ணெயாலும் அவன் (oven) சூட்டில் எழும் நீராவியாலும். சூடான கறியை வைத்தால் வெண்ணெய் முன்பே உருகி மாவில் ஊறிவிடும். ரோல் தட்டையாக, எண்ணெய் கோத்துக்கொண்டு வரும்.

தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா சீஸ் வேண்டாம். ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லா, இல்லையென்றால் செடார் சரி. துருவாமல் விரல் நீளத்துக்கு வெட்டி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுச் சுருட்டினால், மாவு வேகும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். மடிப்பு அடியில் இருக்கட்டும். அடித்த முட்டையை மேலே மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரங்களில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஆவி வெளியேற இரண்டு கீறல் போதும்.

முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 200 டிகிரி செல்சியஸ், 20 முதல் 25 நிமிடம். கொஞ்சம் சீஸ் அப்போதும் கசியத்தான் செய்யும். தட்டில் மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் அதற்குத்தான் எனக்குத் தெரிந்து முதல் போட்டி!