ஸ்பைருலினா இரும்பு மாத்திரைக்கு ஈடாகுமா?

கேள்வி: வயது 34, வெள்ளவத்தை. சைவ உணவுதான். ஹீமோகுளோபின் 9.8. இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்ததால் அதை நிறுத்திவிட்டு, தினமும் 500 மில்லிகிராம் ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) மாத்திரை ஆறு எடுக்கிறேன். பாசியில் தாதுக்கள் இயற்கை வடிவில் இருப்பதால் முழுவதும் உடலில் சேருமாமே?

பதில்: இரும்பு மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குப் பெருங்கவலை. 100 கிராம் உலர் ஸ்பைருலினாவில் ஏறக்குறைய 28 மில்லிகிராம் இரும்பு உண்டு. நீங்கள் எடுப்பது 3 கிராம். கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அது முழுவதும் சேர்ந்தாலும் உங்கள் குறை தீராது. வழக்கமான இரும்பு மாத்திரையான 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் ஒன்றில் 60 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது.

தாது எந்த வேதி வடிவில் இருக்கிறது என்பது முக்கியம்தான். செலனியம் என்ற தாது கலந்த நீரில் வளரும் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி, உப்பாக உள்ள செலனைற்றைச் செலனோமெதியோனின் என்ற கரிமச் சேர்மமாக (காபனோடு இணைந்த வடிவமாக) மாற்றுகிறது. இதில் 90 சதவீதத்துக்கு மேல் உடலில் சேரும், உப்பு வடிவம் அந்த அளவு சேராது. நச்சுப் பொருளான ஆர்செனிக்கிலும் வடிவம் முக்கியம்: கரிமச் சேர்மமாக இருந்தால் தீங்கு குறைவு, கனிம வடிவம் நஞ்சு. வழக்கமான சோதனையில் பாசியைக் கடும் அமிலத்தில் கரைத்து மொத்த அளவை மட்டும் பார்க்கிறார்கள். வடிவங்கள் அப்போதே குலைந்துவிடும். வடிவத்தை அறிய, நொதியால் பதமாகக் கரைத்து, குரோமட்டோகிராபி மூலம் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றிலும் உள்ள தாதுவை அளக்க வேண்டும். போத்தலில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மொத்த அளவு மட்டுமே. ஆகவே "இயற்கை வடிவம்" என்ற விளம்பர வார்த்தையை நம்பி மருந்தை விடாதீர்கள்.

சைவ உணவுக்காரர் என்பதால் இன்னொன்று: ஸ்பைருலினாவில் விற்றமின் பி12 என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

மலச்சிக்கலுக்கு வழி இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எடுத்தால் பலருக்குத் தொல்லை குறைகிறது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் இரும்பும் கூடுகிறது. உங்கள் வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையுடனோ சாப்பாட்டுடனோ பிளேன்டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். தேசிக்காய்ச் சாறு நல்லது. பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 இரண்டையும் சோதித்து, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவி நிலை இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமென்றால் அதையும் கூச்சமின்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்பைருலினா பிடித்திருந்தால், பார உலோகச் சோதனை அறிக்கை உள்ளதாகப் பார்த்து, மருந்தோடு கூடுதல் உணவாக எடுக்கலாம்.