கிளிவெட்டியா, நிலாவெளியா, கொழும்பா: மகளின் படிப்பைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதே கேள்வியோடு திருகோணமலை மாவட்டத்தில் பல வீடுகள் இருப்பதால், உங்கள் பெயர் விவரங்களை விட்டுவிட்டு, மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது இதுதான். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்து, நிலாவெளியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் தங்கச்சியோ, "திருமலையில் படித்து என்ன வேலை எடுக்கப் போகிறாள்? இங்கே அனுப்புங்கள், தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம் செய்யலாம்" என்கிறார். கையில் காசில்லை. இளைய மகளுக்கென்று வைத்திருக்கும் வயலை ஈடு வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். உங்களுக்கு இரவில் நித்திரை இல்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். மகள் நிலாவெளி வளாகத்திலேயே படிக்கட்டும். வயலைத் தொடாதீர்கள். அதற்காகக் கொழும்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமைத்துவம் படிக்கும் பிள்ளை ஒரு கட்டத்தில் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். அது இப்போது உங்கள் காசில் போகும் பயணமாக இருக்கக்கூடாது. படிப்பின் கடைசியில் பயிற்சிக்காகவும், பிறகு முதல் வேலைக்காகவும், தன் சம்பளத்தில் போகட்டும்.

காசுக் கணக்கை எடுப்போம். அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்க வாய்ப்புண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நிலாவெளியில் விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் காசு ஒரு கை கொடுக்கும். வெள்ளவத்தையில் ஒரு வாரத்துக்கும் காணாது.

கொழும்புக் கணக்கைத் தங்கச்சியோடு போனில் பேசாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அறைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, கரண்ட், தண்ணீர், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், வருத்தம் வந்தால் மருந்து, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வந்து போகும் செலவு. மாதத் தொகையை 36 ஆல் பெருக்குங்கள். அதன் மேல்தான் கற்கைக் கட்டணம் வரும். வீட்டில் நாம் அரிசிக்கு விலை போட்டுப் பார்ப்பதில்லை. அல்லைத் திட்டத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடும் வீடு உங்களுடையது. ஒரு பிள்ளைக்கு மூன்று வேளையும் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குவது எவ்வளவு என்பது அந்தக் கொப்பியில்தான் தெரியவரும்.

வெளிநாட்டுப் பட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பல நிறுவனங்களில் கட்டணத்தின் ஒரு பகுதியை, பெரும்பாலும் கடைசி ஆண்டுக்குரியதை, பிரித்தானியப் பவுணில் கட்டவேண்டும். 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. பவுணும் அதோடு சேர்ந்தே ஏறியது. அரைவாசி படித்த பிள்ளைகளின் பெற்றோர் அன்று பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன். ஈடு வைத்த வயலின் வட்டியும் ஏறி, பவுணும் ஏறினால், நடுவில் நிற்கப்போவது உங்கள் மகள். இளைய மகளுக்கு எழுதவேண்டிய காணியை மூத்தவளின் படிப்புக்காக இழந்தால் அக்கா தங்கச்சிக்குள் வரும் மனக்கசப்பு பிறகு எந்தப் பட்டத்தாலும் ஆறாது.

"என் வீட்டில் நிற்கட்டும்" என்று தங்கச்சி சொல்வது உண்மையான அன்புதான். ஆனால் அவரிடம் இருப்பது இரண்டு அறை வீடு, வளரும் பிள்ளைகள் வேறு. சில மாதம் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று ஆண்டு என்றால், மற்றவர் வீட்டில் நிற்கிறோம் என்ற எண்ணம் ஒரு பிள்ளையைத் தின்னும். வீட்டுக்காரருக்கும் பாரம்தான், வெளியே சொல்லமாட்டார்கள்.

வாடகை குறைவென்று புறநகரைக் காட்டுவார்கள்: வத்தளை, மஹரகம, மொறட்டுவ. வாடகை குறைவது மெய். அந்த மிச்சத்தை நேரத்தில் கட்டவேண்டும். காலையில் மஹரகம பக்கத்திலிருந்து 138 பஸ்ஸிலோ, காலி வீதியில் 100 பஸ்ஸிலோ ஏறிப் பாருங்கள். உட்கார இடமிருக்காது, ஹைலெவல் வீதியில் பஸ் ஊர்ந்துதான் போகும். கரையோர றெயிலில் கதவில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். மாலையும் அப்படியே. ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் இப்படிப் போனால் படிக்க மிஞ்சுவது களைத்த தலைதான். சம்பளம் எடுப்பவர் அதைச் சகிக்கக் காரணம் உண்டு. மாணவிக்கு, அதுவும் வீட்டு வாசலுக்கு அரச பல்கலைக்கழக இடம் வந்திருக்கும் மாணவிக்கு, என்ன காரணம்?

இனி இந்தப் பக்கம். உங்கள் ஊர் கிளிவெட்டியிலிருந்து நாளாந்தம் போய்வரலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு பயணம் எவ்வளவோ சுலபமாகியது, மிதவைப் பாதையில் ஏறித் துறையைக் கடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் மூதூர், கிண்ணியா வழியாக நகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து நிலாவெளிக்கு இன்னொரு பஸ். மாரியில் மகாவலி பெருகினால் அதுவும் நிச்சயமில்லை. கொழும்புப் புறநகரின் களைப்பை நாமே ஊரில் உண்டாக்கிக்கொள்வதாகும். இன்னொன்று, வீட்டில் நிற்கும் பெண்பிள்ளைக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். அறுவடை என்றால் சமையல், விருந்தினர் என்றால் தேநீர், அம்மம்மாவுக்குக் கிளினிக். நீங்கள் கேட்கமாட்டீர்கள், அவளே எழும்பிச் செய்வாள். பரீட்சை மாதத்தில் அது பெரிய இழப்பு.

ஆகவே விடுதி. பதிவு செய்யும்போதே விண்ணப்பியுங்கள். வீட்டுத் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள், அதனால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய வருமானச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள். விடுதி கிடைக்காத ஆண்டில் வெளியே அறை தேடவேண்டி வந்தால் கவனம்: மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் காலம். ஆண்டு முழுவதும் ஒரே வாடகை என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து, பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்து எடுப்பது நல்லது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பாள். கொழும்பிலிருந்து இரவு றெயிலில் கல்லோயாச் சந்தியால் சுற்றி வந்து, அடுத்த நாளே திரும்பும் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடையாது.

திருமலையின் குறைகளையும் மறைக்கமாட்டேன், ஏனென்றால் தங்கச்சியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் இங்கே இல்லை. சீனக்குடாப் பக்கம் பிரீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்து, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம் இருக்கின்றன. மாகாண சபையின் அலுவலகங்கள், வங்கிக் கிளைகள், ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் பட்டம் பெற்று வெளியே வரும் பிள்ளைகள் எல்லோரையும் எடுக்க இவற்றால் முடியாது. அதன் விளைவு உங்களுக்கும் தெரியும். பட்டத்தை முடித்துவிட்டு, அரச நியமனம் வரும் என்று வீட்டில் இருந்து, ஆண்டுகள் போய், கடைசியில் வீதியில் உட்கார்ந்து போராடும் பட்டதாரிகள். அவர்களில் பலர் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஊரை விட்டு அசையாமல் காத்திருந்ததுதான் அவர்களை வீழ்த்தியது. திருமலையில் படிப்பதை நான் பயப்படவில்லை. படித்து முடித்த பிறகும் அசையாமல் இருப்பதைத்தான் பயப்படுகிறேன்.

அதனால் இந்த ஆண்டுகளில் மகள் மூன்று விஷயங்களைக் கையில் எடுக்கவேண்டும். ஒன்று ஆங்கிலம், அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இரண்டாவது சிங்களம். கொழும்பில் நம் பிள்ளைகள் நேர்முகத் தேர்வைத் தாண்டியும் அலுவலகத்தில் ஒடுங்கிப்போவது பெரும்பாலும் சிங்களம் பேசத் தெரியாததால்தான். திருகோணமலை வளாகத்துக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விடுதி அறையிலும் கன்டீனிலும் சிங்களத் தோழிகளோடு பேசிப் பழகினாலே காசில்லாமல் அந்த மொழி வந்துவிடும். வெள்ளவத்தையில் தமிழ் வீடு, தமிழ்க் கடை, தமிழ்த் தோழிகள் என்று மூன்று ஆண்டு இருந்துவிட்டு, சிங்களம் தெரியாமலே ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது ஒரு தொழில்சார் பரீட்சை. கணக்கியலில் ஈடுபாடு இருந்தால் ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சையைப் பட்டப்படிப்போடு சேர்த்தே தொடங்கலாம். பிறகு சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் பக்கம் போவதென்றால் மூன்றாண்டு நடைமுறைப் பயிற்சி வேண்டும், பயிற்சி தரும் கணக்காய்வு நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பில்தான். அந்தப் பயணத்துக்கு நான் முழு மனதோடு ஆதரவு. மாதாந்தக் கொடுப்பனவு வரும், அனுபவம் வரும், வாடகையை அவளே பார்த்துக்கொள்வாள்.

இந்தக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரி வராது. கணினித் துறைக்குப் போகிறவர் முதல் சில ஆண்டுகளையாவது நல்ல குழுவொன்றில், மூத்தவர்களின் பக்கத்தில் இருந்து வேலை செய்வது நல்லது. கைத்திறன் வந்த பிறகு திருமலை உவர்மலையில் இருந்துகொண்டே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்யலாம். ஆசிரியர், தாதியர், சித்த மருத்துவம், விவசாயம், உல்லாசத்துறை என்றால் கொழும்புக்கு ஓட அவசரமே இல்லை. சித்த மருத்துவம் படிக்க மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் இந்த வளாகத்துக்கு வருகிறார்கள். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளையின் நிலை வேறு. அப்படிப்பட்டவர் திருகோணமலையிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) கற்கைகளை முதலில் பார்க்கட்டும். அதற்கும் மேல் தனியார் பட்டம்தான் என்றால், அரசின் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டத்தின் கீழ் வரும் கற்கையா என்று விசாரியுங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். விளம்பரப் பலகையை நம்பிக் காசு கட்டவேண்டாம்.

கடிதத்தின் கடைசியில், மகனைச் சாதாரண தரத்துக்குப் பிறகு கொழும்புப் பாடசாலையொன்றில் சேர்க்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள், இதில் பெரிய இழப்பு ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எங்கே படித்தான் என்பதை வைத்துத்தான் மாவட்டத்தைத் தீர்மானிப்பார்கள். இடையில் கொழும்புக்கு மாற்றினால், இங்கே போதுமாக இருக்கும் இசட் புள்ளி (அனுமதிக்காகக் கணிக்கும் உயர்தரப் புள்ளி) அங்கே போதாமல் போகலாம். ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லையென்பது உங்கள் கவலை என்றால், திருமலை நகரத்துப் பாடசாலையொன்றில் சேர்த்து உறவினர் வீட்டில் விடலாம். மாவட்டம் மாறாது.

அவனுக்குப் படிப்பை விட மின்சார வேலையில்தான் கை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எனது பதில் தலைகீழாக மாறும். மொறட்டுவவில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 முதல் இயங்குகிறது, அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் திருமலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையின் 4 ஆம் மட்டம் வரை முடிக்கட்டும். சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் வருகிறது, அங்கே வேலை இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டும் காலத்தில் ஆள் தேவைப்படும். கட்டி முடித்த பிறகு அப்படிப்பட்ட நிலையத்தை நடத்தச் சிலரே போதும். அதை மட்டும் நம்பி இருக்காமல், சான்றிதழைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டுக் கூரைகளில் சோலார் பூட்டும் வேலை நாடு முழுவதும் உண்டு.

பதிவுக்கான இறுதித் திகதி மகளுக்கு வந்த அறிவித்தலில் இருக்கிறது. அதற்கு முன் அவளோடு தனியாக ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தில் தங்கச்சி என்ன சொன்னார், அப்பா என்ன நினைக்கிறார் என்றெல்லாம் இருந்தது. மகள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரியும் இல்லை.

தங்கச்சியின் மனம் நோகக்கூடாது என்று கவலைப்படுகிறீர்கள். "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "பிள்ளை இப்போது நிலாவெளியில் படிக்கட்டும், கடைசி ஆண்டில் பயிற்சிக்குக் கொழும்புக்கு வருவாள், அப்போது சின்னம்மா வீட்டில்தான் நிற்பாள். அதற்குள் எந்த நிறுவனத்தில் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று உன் கணவரிடம் கேட்டு வை" என்று சொல்லுங்கள். அவர் கொழும்பில் இத்தனை ஆண்டு இருந்து தேடிய அறிமுகங்கள் உங்கள் மகளுக்கு உண்மையில் உதவப்போவது அப்போதுதான்.