முந்நூறு ஷார்ட்கட் மனப்பாடம் செய்தால் குரூப் 4 கணக்கு வந்துவிடுமா?

கேள்வி: என் மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். கோச்சிங் சென்டரில் கணக்குக்கு மட்டும் முந்நூறு ஷார்ட்கட் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து ஒப்பிக்கிறான். மாதிரித் தேர்வில் எதை எங்கே போடுவது என்று குழம்பிவிடுகிறான். இப்போது ‘அட்வான்ஸ் ஷார்ட்கட்’ என்று இன்னொரு புத்தகமும் வீடியோவும் சேர்த்து 6,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, ஷார்ட்கட்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நாங்கள் கொலுசு வேலை செய்கிறவர்கள். எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.
– வாசகி, செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ஆனால் ஷார்ட்கட்டே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு ஜோடி கொலுசைக் கையில் தூக்கிப் பார்த்தே இத்தனை கிராம் இருக்கும் என்று சொல்கிற ஆள் ஒருவராவது இருப்பார். அவருக்கு அது எப்படி வந்தது? ஆயிரம் ஜோடியைத் தராசில் வைத்துப் பார்த்து வந்தது. அப்படிச் சொல்லத் தெரிந்தவரும் வியாபாரியிடம் கொடுக்கும்போது தராசில் வைக்காமல் கொடுக்கமாட்டார். ஷார்ட்கட்டும் இதே மாதிரிதான். நீளமான வழியில் பலமுறை போட்டவனுக்கு அது தானாக வரும். தராசையே பார்க்காதவனிடம் ‘தூக்கிப் பார்த்து எடை சொல்லும் சூத்திரம் முந்நூறு’ என்று விற்றால் என்ன ஆகும்? உங்கள் பையனுக்கு ஆனதுதான் ஆகும்.

என் வீட்டுத் திண்ணையில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். குரூப் 4 எழுதப் போகும் ஒரு பையனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் திணறிக்கொண்டு பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. மணிக்கு 30 வேகத்தில் இறங்குகிறது. சராசரி வேகம் என்ன? ஐந்து விநாடியில் 24 என்று எழுதினான். இரண்டு வேகத்தையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும் என்பது ஷார்ட்கட். 1,200-ஐ 50-ஆல் வகுத்தால் 24. சரியான விடை.

அப்புறம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன். முதல் ஒரு மணி நேரம் 20 வேகம், அடுத்த ஒரு மணி நேரம் 30 வேகம். இப்போது சராசரி என்ன? மறுபடியும் 24 என்றான். தப்பு. இரண்டு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் போயிருக்கிறது, ஆகவே 25. சரி என்று இன்னொரு முறை மாற்றினேன். 20 வேகத்தில் 30 கிலோமீட்டர், 30 வேகத்தில் 15 கிலோமீட்டர். பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம், அரை மணி நேரம், மொத்தம் இரண்டு மணி. தூரம் 45. விடை 22.5. அந்த ஷார்ட்கட் போகிற தூரமும் வருகிற தூரமும் சமமாக இருந்தால்தான் செல்லும். நேரம் சமமாக இருந்தால் சும்மா கூட்டிப் பாதியாக்கினாலே போதும். இரண்டும் சமமில்லை என்றால் எந்த ஷார்ட்கட்டும் கிடையாது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டியதுதான். இந்தக் கடைசி வழி மூன்று கணக்குக்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு முதல் கணக்குக்கு மட்டும் பொருந்துவதைக் கட்டம் கட்டி அச்சடித்து விற்கிறார்கள். ‘தூரம் சமமாக இருந்தால் மட்டும்’ என்ற நான்கு வார்த்தை அந்தப் பையனின் புத்தகத்தில் இல்லை, நானே புரட்டிப் பார்த்தேன்.

ஆகவே தம்பியிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஷார்ட்கட். மேலே அது ஏன் வருகிறது, கீழே அது எங்கே செல்லாது. இரண்டையும் எழுத முடியாத ஷார்ட்கட்டை அடித்துவிடட்டும். முந்நூறில் முப்பது மிஞ்சினால் அதிகம். உதாரணத்துக்கு, ஆடித் தள்ளுபடியில் 20 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் என்றால் மொத்தம் 30 இல்லை, 28. இதற்குச் சூத்திரமே வேண்டாம். நூறு ரூபாய்ச் சேலை என்று நினைத்தால் 80, அப்புறம் 72. முடிந்தது. பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்றால் 72-ஐ வட்டி வீதத்தால் வகுப்பது நல்ல வழி: 12 சதவீதம் என்றால் சுமார் 6 வருடம். ஆனால் அது கூட்டு வட்டிக்கு. தனி வட்டி என்றால் 100-ஐ வகுக்க வேண்டும், எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். வகுபடும் தன்மை, ஒன்றாம் இலக்கத்தை வைத்து விடையைக் கழிப்பது இதெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

நேரம் போதாது, அதனால்தான் ஷார்ட்கட் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேர்வில் 200 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. மனுஷனை 54 விநாடியில் யோசிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்று மேடையில் வருத்தப்படுவதும் நாம்தான், அதை விடுங்கள். இந்த 200-ல் திறனறிவுக் கணக்கு 25-தான். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் தாராளமாக ஒதுக்கினாலும் 38 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி 175 கேள்விக்கு 142 நிமிடம் இருக்கிறது. தமிழ்க் கேள்வியைப் படித்த பையன் 30 விநாடியில் முடிப்பான். தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை அந்தப் புத்தகம் விற்கிறவர் சொன்னாரா என்று கேளுங்கள். எட்டு மாதம் கணக்கு ஷார்ட்கட்டே படித்துவிட்டு அங்கே விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

தப்பான விடைக்கு இதில் மதிப்பெண் கழிப்பதில்லை. ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவதற்குப் பதில், பொருந்தாததைக் கழித்துவிட்டு மிஞ்சியதில் ஒன்றை ஊகித்துப் போடட்டும். பக்கத்து வீட்டில் நீட் எழுதும் பிள்ளை இருந்தால் இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள், அங்கே தப்புக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

இன்னொன்று. இந்தப் புத்தகத்துக்கு அடுத்து ‘நிச்சயம் வரும் நூறு கேள்வி’ என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். அதற்கும் அடுத்து, ‘நமக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறார்’ என்று ஒருவர் டீக்கடையில் உங்கள் வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். லட்சத்தில் கேட்பார். வேலை கிடைத்தால் தன்னால் என்பார், கிடைக்காவிட்டால் போனை எடுக்கமாட்டார். இவர்களை எல்லாம் பிடிக்க வேண்டியவர்கள் எப்போது பிடிப்பார்களோ, அதுவரை உங்கள் வாசலில் நீங்கள்தான் காவல்.

பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணைய இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிக் கணக்குப் புத்தகம் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கும். தம்பியை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள், போனில் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். 6,000 ரூபாய்க்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். புத்தகக் கட்டைப் பிரித்துவிட்டால் தரமாட்டேன் என்பார்கள், பிரிக்காமல் எடுத்துப் போங்கள்.