வீட்டில் சமைக்கும் இறால் ஏன் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது?

மசாலாவில் இறாலைப் போட்டு இருபது நிமிடம் மூடி வேகவைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இருபது நிமிடம்தான் காரணம்.

நான் மதுரை செல்லூர். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக்குப் பழகிய கை. இறாலையும் அதே கணக்கில் வேகவிட்டுப் பல வருடம் கெடுத்திருக்கிறேன். கடற்கரை ஊரான தொண்டியில் வாக்கப்பட்ட என் சித்தி ஒருமுறை வந்திருந்தபோது கரண்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "மசாலாவ முழுசா முடிச்சிட்டு என்னயக் கூப்புடு. இறாலுக்கு அடுப்புல ரொம்ப வேலை இல்ல."

அதுதான் விஷயம். ஆட்டுக்கறியில் சதையைக் கட்டியிருக்கும் சவ்வு கரைய நேரம் வேண்டும். இறாலில் அப்படிக் கரைய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. சூடு ஏற ஏறச் சதை இறுகித் தண்ணீரை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

அரை கிலோ இறாலுக்கு நான் செய்வது இது. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, தட்டிய சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி போட்டுச் சிவக்க வதக்குவேன். அப்புறம் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு. எண்ணெய் பிரிந்து தொக்கு சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை சுருள விட வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் இறால் விழுந்ததும் தண்ணீர் விடும். தொக்கு முன்பே கெட்டியாக இருந்தால்தான் அந்தத் தண்ணீரைத் தாங்கும்.

கடைசியாக இறால். நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம், மூடி போட வேண்டாம். சாம்பல் நிறம் சிவப்பாக மாறுவதை மட்டும் நம்பாதீர்கள், வெளிப்புறம் சீக்கிரமே சிவந்துவிடும். இறாலைச் சுத்தம் செய்யும்போது குடல் எடுக்க முதுகில் கீறியிருப்பீர்கள் அல்லவா, அந்தக் கீறலைப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையானதும் மிளகுத்தூள் தூவி அடுப்பை அணைத்துவிடலாம். நன்றாகச் சுருண்டு வட்டமாகிவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். இறால் வெந்த பிறகும் தொக்கு நீர்த்திருந்தால் இறாலை மட்டும் அரித்து எடுத்துவிட்டுத் தொக்கை வற்ற வையுங்கள்.

வாங்குவதைப் பற்றியும் ஒன்று. மதுரையில் கடல் இல்லை. இங்கே நெல்பேட்டை மீன் சந்தைக்கு வருகிற கடல் இறால் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஐஸில் பயணம் செய்துதான் வருகிறது. தலை தொளதொளவென்று ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலையைக் கிள்ளிவிட வேண்டும். தலைக்குள் இருக்கும் செரிமானச் சாறு சதையைக் குழைத்துவிடும். குழைந்த இறாலை எந்தப் பக்குவமும் காப்பாற்றாது.

உரித்த ஓட்டைக் கழுவி, கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். தொக்குக்குப் பதில் குழம்பு வைக்கிற அன்று அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவேன். இருபது நிமிட வேக்காட்டில் நீங்கள் தேடிய ருசி அதில் இருக்கிறது.